சேலத்து வெயிலில் ஒட்டுத்துணிப் போர்வை யாருக்கு?

28 ஏப்ரல் 2024 – கேள்வி (ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, பழைய புடவைகளை வெட்டி ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்துப் போர்வை தைக்கிறேன் என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். யார் போர்த்திக்கொள்ளப் போகிறார்கள்? கடைவீதியில் 400 ரூபாய்க்கு வழவழவென்று கம்பளி கிடைக்கிறது. பழம்புடவையைப் பாத்திரக்காரரிடம் போட்டால் ஒரு பிளாஸ்டிக் குடமாவது மிஞ்சும். வேலையற்றவர்களின் வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாராவது மறுத்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

29 ஏப்ரல் 2024

படம் போட்டது நான்தான். ஊர் சேலம் அம்மாப்பேட்டை. மறுத்துச் சொல்கிறேன்.

ஆத்தூர் தம்பி, சேலம் என்றால் உங்களுக்குப் பஸ் நிலையமும் வெயிலும் மட்டும்தானா? நிமிர்ந்து வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை நிற்கிறது. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர். ஏற்காடு 1,515 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கணக்கில் எட்டு டிகிரி. நாம் இங்கே விசிறிக்காகச் சண்டை போடும் இரவில் அங்கே என் அக்கா சன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறாள். மாமா காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிறார். மார்கழியில் அவர்கள் வீட்டுத் தரையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. போர்வை அவர்களுக்கு.

இருப்பு: பருத்திப் புடவைகள் பதினொன்று. நான்கு என்னுடையவை, மூன்று மாமியாருடையவை, இரண்டு பக்கத்து வீட்டு ஆயா கொடுத்தவை, இரண்டு யாருடையவை என்றே தெரியாமல் பீரோவின் அடித்தட்டில் கிடந்தவை. எல்லாம் உட்காரும் இடத்திலும் கொசுவம் செருகும் இடத்திலும் நைந்திருக்கின்றன. முந்தானைப் பக்கம் கெட்டி. அகலம் 60 அங்குலம், நீளம் 90 அங்குலம் என்று திட்டம். ஆறு அங்குலச் சதுரமாக வெட்டினால் குறுக்கே 10, நெடுக்கே 15, மொத்தம் 150 சதுரம். ஒரே புடவையில் அதற்குமேல் தேறும். ஆனால் ஒரே புடவையில் வெட்டினால் ஒட்டுத்துணி எதற்கு, அந்தப் புடவையையே போர்த்திக்கொள்ளலாமே.

தைக்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் கல்லுப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். சாயம் நிற்கும்.

30 ஏப்ரல் 2024

நேற்று எழுதிய கணக்கில் ஓட்டை. சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் விடவேண்டும் என்பதை மறந்து ஆறு அங்குலமாகவே 150-ஐயும் வெட்டி முடித்துவிட்டேன். தைத்தால் ஒவ்வொன்றும் ஐந்தரை அங்குலம்தான் நிற்கும். போர்வை 55-க்கு 82½. மாமா ஆறடிக்கு மேல், கால் வெளியே நீட்டிக்கொள்ளும். இனிக் குறுக்கே 11, நெடுக்கே 17 வைக்கவேண்டும். 187. இன்னும் 37 சதுரம்.

ஆறரை அங்குலமாக வெட்டியிருந்தால் முதல் கணக்கே சரியாக வந்திருக்கும். முப்பது வருடம் ஜாக்கெட் தைத்தவள் நான். சிரிக்கவேண்டாம்.

17 மே 2024

ஒருவர் கேட்டிருக்கிறார்: துவண்டுபோன பழம்புடவையைக் கோணாமல் வெட்டுவது எப்படி?

கஞ்சி. சேலத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? ஜவ்வரிசிக்குப் பேர்போன ஊர். ஒரு கைப்பிடி ஜவ்வரிசியை நிறையத் தண்ணீரில் கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சி, வடிகட்டி, நீர்க்கவிட்டு, புடவையை முக்கிப் பிழிந்து மாடியில் போடுங்கள். இந்த வெயிலில் கால் மணி நேரம் போதும். ஈரப்பதம் கொஞ்சம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் துணி அட்டைபோல் நிற்கும். கத்தரி வழுக்காது.

இரண்டாவது, இழை பிடித்து வெட்டுவது. இது என் வீட்டுக்காரர் சொன்னது. அவர் இருபத்திரண்டு வருடம் குழித்தறியில் கால் மிதித்தவர். நான் வெட்டும்போது அந்த அறைக்குள் வரமாட்டார். நெய்தவன் கண்முன்னே துணியை வெட்டுவது, சமைத்தவன் கண்முன்னே சோற்றைக் கொட்டுவது போலவாம். ஆனால் நான் கண்மதிப்பாக வெட்டுவதைப் பார்த்துப் பொறுக்கமுடியாமல் ஒருநாள் உள்ளே வந்தார். ஓரத்தில் ஓர் இழையைப் பிரித்து, மெதுவாக இழுத்து உருவினார். துணியில் மெல்லிய கோடு விழுந்தது. அந்தக் கோட்டின் மேலேயே கத்தரியை விட்டால் நெடுக்கு இழையான பாவும் குறுக்கு இழையான ஊடையும் பிசகாது. குறுக்கு மறுக்காக வெட்டிய துண்டுதான் தைக்கும்போது ரப்பர்போல் இழுபட்டு மூலைக்கு மூலை சேராமல் போகும். சொல்லிவிட்டு வெளியே போனவர், வாசலில் நின்று, "கூறு கெட்டவள் வேலை" என்றார். எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னது.

இப்போதைக்குச் சதுரங்களை இரண்டிரண்டாகச் சேர்க்கும் வேலை மட்டும். விசிறி ஓடினால் துண்டுகள் பறக்கின்றன, நிறுத்தினால் நான் வேகிறேன். ஆகவே காலை ஐந்தரையிலிருந்து ஏழுவரை. அதற்குப்பிறகு மாம்பழம். இந்த வருடம் இமாம் பசந்த் விலை கேட்டுவிட்டு மல்கோவாவுக்கு இறங்கினோம், அதன் விலையையும் கேட்டுவிட்டுப் பெங்களூராவுக்கு இறங்கினோம். பேரன் காம்பைக் கிள்ளி ஒரு சதுரத்தின் மேல் பால் வடியவிட்டுவிட்டான். மாம்பால் கறை எதற்கும் போகாது. நடுவில் வைத்துத் தைத்துவிட்டேன். என் அக்கா கேட்டால் பூ என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

12 ஜூன் 2024

மேட்டூர் அணையை இன்று திறக்கவில்லை, தண்ணீர் இல்லை. நானும் தையல் மெஷினைத் திறக்கவில்லை. சொந்தத்தில் இரண்டு கல்யாணம், ஒரு சீர்.

3 ஆகஸ்ட் 2024

ஆடிப்பெருக்கு. ஜூனில் வறண்டு கிடந்த மேட்டூர், ஜூலை 30 அன்று 120 அடி நிரம்பிவிட்டது. என் போர்வை இன்னும் 104 சதுரத்தில் நிற்கிறது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மியைப் பற்றித் தெரியாது. நாற்பது சதுரங்களை மாடியில் காயப்போட்டேன், பன்னிரண்டு காணவில்லை. மூன்று பக்கத்து வீட்டு முருங்கையில். ஒன்று தெருமுனைத் தட்டுவடை செட் வண்டிக்காரரிடம். அவர் அதில் கை துடைத்துக்கொண்டிருந்தார். பீட்ரூட் சிவப்பும் புதினாப் பச்சையும் ஏறியிருந்தது. "அக்கா, நல்ல துணி, தண்ணீரை உடனே இழுக்கிறது" என்றார். வைத்துக்கொள்ளுங்கள் என்று வந்துவிட்டேன்.

ஏன் காயப்போட்டேன் என்பது அடுத்த குறிப்பில். அவமானக் கதை, எழுத மனம் வரட்டும்.

9 ஆகஸ்ட் 2024

ஏப்ரலில் கல்லுப்பு யோசனை சொன்னேன் அல்லவா? அதை நம்பி யாராவது செய்திருந்தால் என்னை மன்னிக்கவும்.

பீரோ அடித்தட்டில் கிடந்த அரக்குப் புடவை, உப்பில் ஓர் இரவு ஊறியது. அலசினேன். தண்ணீர் தெளிவாக வந்ததுபோல் தெரிந்தது. வெட்டினேன், தைத்தேன். கஞ்சி போகட்டும் என்று தைத்த பகுதியைச் சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் முக்கியதும் அத்தனை வெள்ளைச் சதுரங்களும் ரோஜா நிறம். மாமியாரின் வெள்ளைப் புடவையிலிருந்து வெட்டியவை அவை. மாமியார் பார்த்துவிட்டு, "விதவைக்கு இந்த வயதில் ரோஸ் கட்டிவிட்டாயே" என்றார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். தைக்காமல் இருந்த சதுரங்களை மறுபடி அலசி மாடியில் காயப்போட்டது அதனால்தான்.

சாயப்பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் தெருவில் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். உப்பு, சாயம் ஏற்றும் நேரத்தில்தான் வேலை செய்யுமாம். தொட்டியில் கரைந்திருக்கும் சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவது அது. பிறகு சோடா காரம் சேர்த்தால்தான் சாயம் பருத்தியோடு பிணையும். பிணையாமல் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை நம் வீட்டு வாளி உப்பு கட்டிப்போடாது. அன்றைக்கு அலசு தண்ணீர் தெளிவாகத் தெரிந்ததற்கு உப்பும் ஒரு காரணம்: உப்பு இருக்கும்வரை மிச்சச் சாயம் துணியை விட்டு இறங்கத் தயங்கும். நல்ல தண்ணீரும் சோப்பும் சூடும் பட்டவுடன் இறங்கிவிடும். எங்கள் அம்மா காலத்திலிருந்து உப்பு, உப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தோமே!

இப்போது செய்வது: உப்பில்லாத தண்ணீரில் பலமுறை அலசல், கடைசியில் ஒருமுறை சோப்பு வெந்நீர். பிறகு ஈரத்துணியை வெள்ளைக் கர்ச்சீப்பின் மேல் வைத்து இஸ்திரி போட்டுப் பார்ப்பது. கர்ச்சீப்பில் நிறம் இறங்கினால் அந்தப் புடவைக்குப் போர்வையில் இடமில்லை. ஐந்து நிமிடச் சோதனை. ஏப்ரலில் செய்திருந்தால் பத்து நாள் மிச்சம்.

இன்னொரு வீண்முயற்சி. வங்காளத்துக் காந்தா வேலையில் பழம்புடவைக் கரையிலிருந்து நூலை உருவி அதனாலேயே தைப்பார்களாம். ஆசைப்பட்டு உருவினேன். அரை முழத்துக்கு ஒருமுறை அறுந்தது. வீட்டுக்காரர் நூலைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இருபது வருடம் வெயிலில் காய்ந்த நூல், உனக்கு உழைக்கவேண்டும் என்று அதற்கு என்ன கடன்?" என்றார். கடையில் நாற்பதாம் நம்பர் நூல் வாங்கிவிட்டேன்.

22 ஆகஸ்ட் 2024

சேலம் குகைப் பகுதியில் கோயில் திருவிழாவின் வண்டி வேடிக்கைக்குப் போய்வந்தோம். சாமி வேடம் போட்டவர்கள் மினுமினுவென்று வண்டிகளில் நின்றார்கள். எனக்குப் பார்வை முழுக்க உடைகளின் தையலில். அடுத்தநாள் தெரிந்த தையற்காரர் அந்த உடைகளின் மிச்சத்துண்டு ஒரு பை கொடுத்தார். நீலச் சாட்டின். பருத்தியோடு சேராது, நழுவும், இஸ்திரிச் சூடு தாங்காது. மூன்று நாள் கட்டுப்பாடாக இருந்தேன். நான்காம் நாள் ஒரு சதுரம் வைத்துவிட்டேன். கிருஷ்ணன் உடையாக இருக்கவேண்டும்.

15 செப்டம்பர் 2024

மேல்பக்கம் முடிந்தது. 187. இனி உள்ளே என்ன வைப்பது?

வீட்டுக்காரர் ஒரு மூட்டை இலவம்பஞ்சோடு வந்து நின்றார். பருத்திப் பஞ்சைவிட லேசு, மெத்தென்று இருக்கும் என்றார். தலையணைக்குச் சரி. போர்வைக்கு? ஒரு முழம் அளவுக்குச் செய்து பார்த்தேன். இலவம்பஞ்சின் இழை குட்டை, வழவழப்பு. அதனால்தான் அதை நூலாக நூற்கமுடியாது. பழம்புடவை நெசவின் இடைவெளியில் அது சாவகாசமாக வெளியே நடந்து வருகிறது. சாயங்காலத்துக்குள் வீடெல்லாம் பஞ்சு, குழம்பில் பஞ்சு, மாமியாரின் மூக்குக்கண்ணாடியில் பஞ்சு. துவைத்துப் பார்த்தேன், கட்டி கட்டியாகச் சுருண்டது. மூட்டையை மெத்தைக்காரரிடம் கொடுத்து, அடித்த பருத்திப் பஞ்சு இரண்டரைக் கிலோ வாங்கிவந்தேன். இலவு காத்த கிளி என்று வீட்டுக்காரரைச் சொன்னேன். அவர் அன்று இரவு சாப்பிடும்வரை பேசவில்லை.

மெத்தைக்காரர் சொன்ன ஒரு சொல்லை எல்லாரும் குறித்துக்கொள்ளவேண்டும்: அடித்த பஞ்சை மூன்று விரற்கடைக்கு ஒரு தையல் ஓட்டிப் பிடிக்கவில்லை என்றால் இரண்டாவது துவையலில் மூலைக்கு ஓடிவிடும்.

6 அக்டோபர் 2024

தப்பு செய்யாமல் ஒரு மாதம் ஓடாது போலிருக்கிறது. அடிப்பக்கத்துக்கு, பக்கத்து நெசவூரான இளம்பிள்ளையில் புதுப் பருத்தித்துணி எடுத்தேன். மேலே இருபது வருடம் துவைத்துச் சுருங்கி முடித்த புடவை, கீழே ஒருமுறைகூடத் தண்ணீர் காணாத துணி. நனைத்தால் கீழே இருப்பது மட்டும் சுருங்கும், மேலே அப்பளம்போல் பொங்கும். நல்லவேளை, மூன்றையும் அடுக்கி இழையோட்டிய பிறகு, தைப்பதற்கு முன் நினைவு வந்தது. பிரித்து, புதுத்துணியை வெந்நீரில் போட்டு எடுத்தேன். நூறு அங்குலம் 96 ஆனது.

மெஷினில் தைக்க ஆரம்பித்தால் வேறொரு சங்கடம். அடியில் இருக்கும் பற்கள் கீழ்த்துணியை இழுக்கின்றன, மேலே மெஷினின் பாதம் அழுத்திக்கொண்டு மேல்துணியைத் தள்ளுகிறது. ஒரு வரிசை தைப்பதற்குள் மேல்துணி ஓர் அங்குலம் முன்னே போய்விடுகிறது. இரண்டு துணிகளையும் சேர்த்து நகர்த்தும் தனிப் பாதம் ஒன்று உண்டாம். என் கால்மெஷினுக்குப் பொருந்துமா என்று கடையில் கேட்டேன், பொருந்தாது என்றார்கள். ஆகவே கையால் ஓடுதையல். நடுவிலிருந்து வெளியே, வெளியே. ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம். நூலை மெழுகுவத்தியில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது.

27 அக்டோபர் 2024

தீபாவளிக்கு நான்கு நாள். என் கையில் ஏழு ஜாக்கெட். போர்வை மூட்டையாக அலமாரி மேல்.

ஜாக்கெட் வெட்டிய துண்டுகளைச் சேர்த்துவைக்கலாமா என்று கேட்டவருக்கு: வைக்கலாம், ஆனால் எல்லாம் அக்குள் வளைவும் கழுத்து வளைவும்தான், சதுரம் தேறாது. இரண்டங்குலப் பட்டைகளாக்குங்கள். பருத்தியா பாலியெஸ்டரா என்று தெரியாவிட்டால் ஒரு நூலைப் பிடுங்கிக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனையும் பொடிச் சாம்பலும் என்றால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். அடுப்படியில், சிங்க் பக்கத்தில் செய்யுங்கள். நான் திரைச்சீலைப் பக்கத்தில் செய்தேன். இப்போது சன்னலுக்குத் திரைச்சீலை இல்லை.

14 நவம்பர் 2024

ஐப்பசி முழுக்க ஈரம். மூட்டையை இறக்கிப் பிரித்தால் புளித்த வாசனை. கஞ்சியை அலசாமல் விட்ட சதுரங்கள் சிலவற்றில் பூச்சி அரித்திருக்கிறது. மே மாதத்துக் கஞ்சிக் குறிப்பின் கீழே இதையும் சேர்த்துப் படியுங்கள்: கஞ்சி போட்டுத் தைக்கலாம், கஞ்சியோடு மடித்துவைக்கக்கூடாது. ஒன்பது சதுரங்களைப் பிரித்து மாற்றினேன். கிருஷ்ணன் தப்பித்துவிட்டான், பாலியெஸ்டர் பூச்சிக்குப் பிடிக்காது போல.

3 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயலைக் கடலோரக்காரர்கள் கவலைப்படவேண்டிய விஷயம் என்று நினைத்திருந்தேன். கரையேறி உள்ளே வந்து கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏற்காட்டு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. நேற்று முழுக்க அக்காவின் எண்ணுக்கு அழைத்தேன், போகவில்லை. இன்று மதியம் அவளே பேசினாள்.

மின்சாரம் இல்லை, பால் இல்லை, பின்சுவர் வழியாகத் தண்ணீர் கசிகிறது, நாங்கள் நலம் என்றாள். குளிர் எப்படி என்று கேட்டேன். கேட்கும்போது என் மடியில் அந்தப் போர்வை. முப்பது கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில், நடுப்பகுதி தைத்து ஓரம் மடிக்காமல், ஊசி குத்தியபடி கிடக்கிறது.

"குளிரா? போன வருடம் சந்தையில் வாங்கிய கம்பளி இருக்கிறதே, 400 ரூபாய்க்கு. இரண்டு பேரும் அதற்குள்தான். நல்ல சூடு, ஈரமானாலும் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது" என்றாள்.

ஆத்தூர் தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஒன்றும் எழுதவேண்டாம்.

5 டிசம்பர் 2024

எழுதவேண்டாம் என்று சொல்லியும் அவர் எழுதியிருக்கிறார். "உங்கள் அக்கா நலமா?" என்று மட்டும்.

நலம். பாதையைச் சரிசெய்கிறார்கள். விசாரித்ததற்கு நன்றி.

யோசித்துப் பார்த்தேன். அந்தக் கம்பளி பாலியெஸ்டர், அது தண்ணீரைக் குடிக்காது. என் போர்வையில் இரண்டரைக் கிலோ பருத்தி. கசிவு பட்டிருந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்து, அந்த மழையில் ஒரு வாரம் காயாமல் நாறியிருக்கும். ஏப்ரலில் எட்டு டிகிரிக் கணக்குச் சொன்னவள், ஈரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. மலை என்றால் குளிர் மட்டும் என்று நினைத்துவிட்டேன். அக்கா வீட்டில் உப்பே ஜாடியில் தண்ணீராக நிற்கும், அது எனக்குத் தெரிந்ததுதான்.

13 ஜனவரி 2025

போகி. விடியற்காலையில் தெரு முழுக்கப் புகை. நான் நேற்றே நான்கு வீட்டுக்குப் போய், கொளுத்த வைத்திருந்த பருத்திப் புடவைகள் ஆறு வாங்கிவந்துவிட்டேன். ஒரு வீட்டில், "என்ன கஷ்டம் உங்களுக்கு?" என்று பரிவோடு கேட்டு, இருநூறு ரூபாயும் சேர்த்துக் கொடுக்க வந்தார்கள். தெருவில் என் பெயர் இனி எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.

ஓரம் மடித்து முடித்தேன். 187 சதுரம், ஒன்பது மாதம். பொங்கலுக்கு வந்த மருமகள் புரட்டிப் பார்த்து, "ஒரு வரிகூட நேராக இல்லையே, அத்தை" என்றாள். நேராகத்தான் தைத்தேன், துவைத்தபிறகு அது தன் இஷ்டத்துக்கு நெளிந்துகொண்டது.

16 பிப்ரவரி 2025

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு. பதினொன்றாவது வளைவில் பக்கத்துச் சீட்டுப் பெண்ணுக்குத் தலைசுற்றல், போர்வை மூட்டையில்தான் சாய்ந்துகொண்டாள். நல்லவேளை, சாய்ந்ததோடு நின்றது.

களத்தில் கடைசிக் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் மிளகு. அக்கா போர்வையை வாங்கினாள், விரித்தாள். பேச்சில்லை. பிறகு ஒவ்வொரு சதுரமாகக் கேட்க ஆரம்பித்தாள். இது எந்தப் புடவை, இது யார் கட்டியது. யாருடையவை என்று தெரியாது என்று நான் எழுதினேனே, அந்த இரண்டும் எங்கள் அம்மாயியுடையவையாம், அம்மாவைப் பெற்றவள். ஒன்று அந்த அரக்கு, எல்லாவற்றையும் ரோஜா நிறமாக்கியது. "அம்மாயிக்கு எதிலும் தன் கை இருக்கவேண்டும்" என்றாள் அக்கா. அம்மாயி கடைசி இரண்டு வருடம் என்னோடு இருந்தாள், பீரோ அடித்தட்டுக்கு அவை எப்படி வந்தன என்பது விளங்கிவிட்டது. அதை வெட்டும்போது எனக்குத் தெரிந்திருந்தால் வெட்டியிருப்பேனா? இன்றுவரை இரண்டு பதிலும் வருகிறது.

மாம்பால் கறையைப் பூ என்று சொன்னேன். மாம்பால் என்றாள் உடனே.

மாமா எஸ்டேட் தராசில் நிறுத்துப் பார்த்தார். மூன்று கிலோ அறுநூறு. அன்று இரவு போர்த்திக்கொண்டார்கள். காலையில் மாமா, "ஒரு மூட்டை காப்பிப்பழத்தை நெஞ்சில் வைத்ததுபோல் இருந்தது" என்றார். மரியாதைக்கு அடுத்த இரவும் போர்த்தினார்கள். மூன்றாம் நாள் அது கட்டிலில், பாயின் மேல் மெத்தையாக விரிந்து கிடந்தது. மாமாவின் முதுகுவலிக்கு அதுதான் சரியாம். மேலே போர்த்துவது, வேறென்ன, அந்த 400 ரூபாய்.

30 மார்ச் 2025

மலையில் ஒரு மழை பெய்து காப்பி பூத்திருக்கிறதாம். வீட்டுக்குள்ளேயே மல்லிகை வாசனை அடிக்கிறது, போர்வையைத் தினமும் வெயிலில் போடுகிறேன் என்று அக்கா சொன்னாள். வெயிலில் போடுவதை இனி நான் சொல்லவேண்டியதில்லை.

20 ஏப்ரல் 2025

அடுத்தது ஆரம்பித்துவிட்டேன், போகிப் புடவைகளில். பஞ்சே கிடையாது. மூன்று புடவையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஓடுதையல், அவ்வளவுதான். ஒரு புடவையை 92 அங்குலத்தில் இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் சேர்த்தால் இரண்டு பேர் படுக்கும் அகலம் வந்துவிடும். மொட்டைமாடியில் பாயின் மேல் விரிக்கத்தான். வியர்வையை உறிஞ்சும், காலையில் கொடியில் போட்டால் பல் துலக்குவதற்குள் காய்ந்துவிடும். எங்கள் சிறுவயதில் பழம்புடவையை நான்காக மடித்து இதற்குத்தானே விரித்தார்கள்? தைக்காமல் விரித்தார்கள், காலையில் சுருண்டு காலடியில் கிடக்கும். நான் நான்கு வரி தையல் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்காரர் முதல்நாள் படுத்துப் பார்த்தார். கரையைத் தடவி, "இது நம் தறியில் ஓடிய உருப்படி மாதிரி இருக்கிறது" என்றார். போகிக்கு எந்த வீட்டில் வாங்கினாய் என்று கேட்டார். சொன்னேன். எழுந்து உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நெருப்புக்குப் போக இருந்தது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

26 ஏப்ரல் 2025

ஆத்தூர் தம்பி ஒரு வருடம் கழித்து மீண்டும் புகார் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு இந்தக் குறிப்புகளை வாசித்துக் காட்டினாராம். அதற்குப்பிறகு அம்மா பாத்திரக்காரரைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறாராம். பீரோவைத் திறந்தால் புடவைகள் காலில் விழுகின்றனவாம். இதற்கு நான்தான் பொறுப்பேற்கவேண்டுமாம்.

ஏற்கிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள், தம்பி: ஒவ்வொன்றிலும் ஒரு நூலைக் கொளுத்திப் பார்க்கட்டும். உருகுகிறவை பாத்திரக்காரருக்கு. குடம் வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல குடமாக. பருத்தியில் மூன்று மட்டும் எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கட்டும், பதினொன்று வேண்டாம். வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றும் யாருடையது என்று ஒரு காகிதத்தில் எழுதி ஊசியால் குத்திவைக்கட்டும். உப்பு வேண்டாம்.